அக்காவின் வழக்குக்கு நகல் மனு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். கடல் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. வேலை பார்க்கிற லாரி எடைமேடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்காவோடு கோர்ட்டுக்கு. சாத்தாங்காட்டு மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

வக்கீலம்மா எழுதிக் கொடுத்த பட்டியல்:
– வழக்கு மனுவின் நகல்
– தீர்ப்பு நகல்
– சம்மன், அது யார் கையில் கொடுக்கப்பட்டது என்ற அறிக்கை

மூன்றாவதற்கு இரண்டு கோடு போட்டிருக்கிறாள். இலவச சட்ட உதவியில் கிடைத்த சின்ன வயதுப் பெண், படு சுட்டி. சம்மன் அக்காவுக்கு வந்தே சேரவில்லை என்று காட்டினால் அவள் ஆஜராகாமலே கொடுத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாமாம். அக்கா பலமாகத் தலையாட்டினாள். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா மகன் வழக்குப் போட்டு, அக்கா தையல் கடை வைத்திருக்கும் முன்னறை தனக்கென்று தீர்ப்பு வாங்கிவிட்டான். அக்கா கோர்ட் வாசலையே மிதித்ததில்லை. போன மாதம் அமீனா கதவில் நோட்டீஸ் ஒட்டியபோதுதான் இப்படியொரு வழக்கு நடந்து முடிந்ததே அவளுக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். ஆத்திரத்தில் நோட்டீஸைக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள். வழக்கு எண்ணும் அதோடு போயிற்று.

எண் இல்லாமல் நகல் கிடையாது. குமாஸ்தா நல்ல மனிதர். பழைய பதிவேட்டை எடுத்துப் போட்டு, பொறுமையாகத் தேடிக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு எண் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பாள். ஒன்றரை மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டி நடித்தேன். அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துத் தள்ளினேன். அக்கா பின்னால் திருப்பி விரல் வைத்தாள்.

“தோ, ஆரோக்கியம்னு என் பேரு கீது பாரு. உன் கண்ணு அவ்ளோதான்டா சூச.”

அவளுக்கு அத்தனை சந்தோஷம். வழியில் எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

நகல் மனு கொடுத்தாயிற்று. இனி தினமும் அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். நம் மனு எண் அதில் வந்தால் மூன்று நாளுக்குள் நகலுக்கான முத்திரைத்தாள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. போன் பண்ணியெல்லாம் சொல்ல மாட்டார்கள். பலகை பார்ப்பது என் பொறுப்பு என்று அக்கா நம்பி விட்டிருக்கிறாள்.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன், அக்கா மகள் ஜெசிந்தாவின் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். அந்த மூன்று வாரமும் பெண் வீட்டில் சண்டை, வழக்கு என்று மூச்சு விட மாட்டோம். இரண்டாம் ஓலை முடிந்த செவ்வாய்க்கிழமை கோர்ட் ஆள் சம்மனோடு வந்தார். அக்கா யானைக்கவுனிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். ஒரே வீட்டில் இருக்கிற தம்பிதானே, நீங்களே வாங்கிக்கொள்ளலாம் என்றார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மடித்து டிபன் பைக்குள் வைத்தேன். கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

கல்யாணம் முடிந்தது. மறுவீடு முடிந்தது. கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா போடுவார்கள், என்ன அவசரம் என்று இருந்தேன். சம்மனில் இருந்த தேதி தாண்டியது. அதற்குப் பிறகு வாய் வரவில்லை. ஒருநாள் அதைக் கிழித்துப் போட்டேன்.

எழுதும்போதே காது சுடுகிறது. அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே செய்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பலகையில் எண் வந்துவிட்டது. மேலிருந்து ஐந்தாவது.

பார்த்தேன். வெளியே வந்து டீ குடித்தேன். பஸ் ஏறிவிட்டேன்.

இன்னும் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். நெத்திலிக் குழம்பு. எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன், மானங்கெட்டவன்.

ஜூன் 16, திங்கள்

முத்திரைத்தாள் கட்டக் கடைசி நாள். லீவு கிடைக்கவில்லை என்று எழுத வந்தேன். பொய். நான் கேட்கவே இல்லை.

கம்பி லாரி இரண்டுக்கு எடை மாற்றி எழுதித் திட்டு வாங்கினேன். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் பறக்கிறதாம். ஜெசிந்தா அக்காவிடம் போனில் சொன்னாள், பிள்ளைக்கு இருமலாம். வழக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்டாளாம். சூசை மாமா பார்த்துக்கொள்கிறார் என்று பதில் சொல்லியிருக்கிறாள் அக்கா.

ஜூன் 18, புதன்

மனு தள்ளுபடி. அக்காவிடம், அங்கே கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றேன். பாவம், ஒழுங்காக ஓடுகிற கம்ப்யூட்டர் மேல் பழி.

சாயங்காலம் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் துணி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடம் திறந்த சீசன், அக்கா எதையும் திருப்பி அனுப்பியதே கிடையாது. இன்று அனுப்பினாள்.

“அடுத்த மாசம் நான் எங்க இருப்பன்னு எனுக்கே தெர்ல. வேற எடத்துல குடுத்துரும்மா.”

அப்புறம் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். மணி ஐந்தரைதான். நான் வீட்டுக்குள் வராமல் மீன்பிடித் துறைமுகம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். இதற்கு மேல் தள்ளினால் நான் மனுஷனே இல்லை.

ஜூன் 19, வியாழன்

புது நகல் மனு. அவசரம் என்று எழுதி, காலி செய்ய வேண்டிய தேதியையும் குறித்தேன். அதே குமாஸ்தா. போன தடவை பலகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மனுவை வாங்கிக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

எண் வந்தது. முத்திரைத்தாள் அன்றே கட்டியாயிற்று. மறக்காமல்: குடை ரிப்பேர், கெரசின் டப்பா கழுவ.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். நகல் கைக்கு வந்தது. பஸ் ஸ்டாப்பில் பிரித்துப் பார்த்தேன். சம்மன் அறிக்கையில் என் கையெழுத்து. நன்றாகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். எழுத்து பொடியாக இருக்கிறது, நீயே படி என்று திருப்பிக் கொடுத்தாள். படித்தேன். அறிக்கை வந்தது. தாண்டியிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. “பிரதிவாதி வீட்டில் இல்லை. உடன் வசிக்கும் தம்பி சூசை சம்மனைப் பெற்றுக் கையெழுத்திட்டார்.”

“இன்னொரு வாட்டி படி.”

படித்தேன். தாளைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பதின்மூன்றாம் தேதி பலகையைப் பார்த்தும் முத்திரைத்தாள் கட்டாமல் விட்டது வரை. அவள் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

ஜூன் 25, புதன்

சாப்பாடு மூடி வைத்திருந்தது. எடுக்கவில்லை.

நானே வக்கீலம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் திட்டுவாள் என்று நினைத்தேன். இதை நீங்களே பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள், சம்மன் அக்கா கைக்குப் போகவில்லை என்று காட்ட இருக்கிற ஒரே பிடி இதுதான் என்றாள். ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாதாம். கோர்ட்டில் எல்லார் முன்னாலும் கூண்டில் ஏற்றி என்னைக் கேள்வி கேட்கலாமாம். பெரியப்பா மகன் அங்கேதான் உட்கார்ந்திருப்பான். அடுத்த ஞாயிறு பூசைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜூன் 26, வியாழன்

மூன்று பேரும் வக்கீலம்மா அறையில். அவள் டைப் செய்ததை வாசித்தாள்: அக்கா மகளின் திருமண ஓலை நடந்துகொண்டிருந்ததால் சம்மனை மறைத்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் கொஞ்சம் நல்லவன் மாதிரி கூடத் தெரிந்தேன்.

இரண்டு நாளாக வாய் திறக்காத அக்கா பேசினாள்.

“அத்த எடுத்துரும்மா.” அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பின்னால இன்னாத்துக்குடா ஒளியுற? ஓல மூணு வாரம். மிச்சம் ஏழு வருசம் யாரு கல்யாணம் நடந்துகினு இருந்துச்சு?”

காரணம் என்று என்ன போடட்டும் என்று வக்கீலம்மா என்னைக் கேட்டாள். பயம் என்று போடச் சொன்னேன். திருத்தி அடித்தாள்.

நாலு பக்கம். பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. அக்கா ஒவ்வொரு தாளையும் முதலில் தான் வாங்கி, எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்த பிறகுதான் என்னிடம் தந்தாள்.