முதல் சுற்று

ஜூன் 4

அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது நம் ராட்டினத்தின் நடு அச்சையும் பார்த்தேன். புதுப் பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் இருக்கிறது. தொழிற்சாலையில் என் வேலையே விரிசல் தேடுவதுதான். அச்சை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். ஊருக்கு ஊர் முதல் சுற்றில் அம்மாவும் தங்கச்சியும்தானே உட்காருகிறார்கள்?

அடுத்த முகாம் விலாசத்தையாவது புரியும்படி எழுதுங்கள்.

மகன்

ஜூன் 11

அன்பு மகனுக்கு,

வந்தவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. டார்ச்சோடு ராட்டினத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். "பிள்ளை என்னைப் பாக்க வந்தானா, அச்சைப் பாக்க வந்தானா?" என்று உன் அம்மா கேட்கிறாள். அது விரிசல் இல்லை, பழைய கீறல். ஜனங்களை ஏற்றுமுன் நம் குடும்பம் ஏறிச் சுற்றிவிடுகிறோம். அதைவிடப் பெரிய சோதனை உன் தொழிற்சாலையில் உண்டா? கவலைப்படாதே, இப்போதெல்லாம் பெண்களை ஏற்றுவதில்லை. நான் மட்டும்தான் உட்காருகிறேன்.

இருபதாம் தேதிக்கு மேல் ஆற்றுப்பாலத்து மைதானத்துக்கு எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

ஜூன் 17

அப்பாவுக்கு,

வெறும் கீறல் என்றால் அவர்களை ஏன் இறக்கினீர்கள்? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்ற பெண்ணை இறக்கிவிட்டு ஊரான் பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள். அச்சு உங்களிடம் சொல்லிவிட்டு உடையாது. காலித் தொட்டில்களோடு தாங்கும். கூட்டம் நிறைந்த சுற்றில் முறியும்.

பாலத்து மைதானத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி வருவார். அவருக்கு எழுதியது நான்தான். மொட்டைக் கடிதம் இல்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மகன்

ஜூன் 27

மகனுக்கு,

அதிகாரி வந்தார். பெயின்ட்டைச் சுரண்டினார். விரிசல்தான். சீல் வைத்துவிட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். நானே போய், "இன்னைக்கு சுத்தாதும்மா, வீட்டுக்குப் போங்க" என்றேன். மரணக்கிணற்றில் பைக் ஓட்டுகிறவர், "உன் பையன் படிச்ச படிப்பு உன் மேலேயே பாய்ஞ்சிடுச்சே" என்று சிரித்தார். நீ சொன்னது சரி. அதனால்தான் உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அப்பா

ஜூலை 3

அப்பா,

உங்கள் கடிதத்தின் அடியில் அடுத்த விலாசம் இல்லை. திருப்பியும் பார்த்தேன். இதைப் பாலத்து மைதானத்துக்கே அனுப்புகிறேன். கிளம்பியிருந்தால் யாராவது கொண்டுசேர்க்கட்டும்.

எங்கள் தொழிற்சாலைப் பட்டறையில் புது அச்சு கடைந்துகொண்டிருக்கிறேன். அளவு என்னிடம் இருக்கிறது. அன்று அடியில் படுத்து அதைத்தான் எடுத்தேன். மாட்டியதும் முதல் சுற்றில் நான் உட்காருகிறேன்.

எந்த ஊருக்குக் கொண்டுவரட்டும்?

மகன்