வலை காயும் மணல்

சவேரியார்குப்பம், எண்ணூர்
18-4-1952

அன்புத் தம்பி ஸ்டானிஸ்லாஸுக்கு அக்கா சிலுவையம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நாங்கள் சுகம். ஈஸ்டருக்கும் நீ வரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ரயில் இல்லாமலா போயிற்று?

பஞ்சாயத்து வாசலில் ஊர் அமைப்புத் திட்டம் என்று ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். வீடுகளுக்கு மஞ்சள், கடைத்தெருவுக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. நாம் வலை உலர்த்தும் மணல் முழுக்க ஊதா. மேலே "காலி நிலம்" என்று வேறு எழுதியிருக்கிறது. என் வீட்டுக்காரர், உன் மாமா, பார்த்துவிட்டு, "இன்னாமே இது? நாப்பத்திரண்டு வூட்டு வலை காயுது, காலின்னு எய்தி கீது! எந்தக் கண்ணு தெரியாதவன் அளந்தான்?" என்று கத்தினார்.

இந்தத் திட்டம் போடும் ஆபீஸில்தானே நீ படம் வரைகிறாய். யார் அளந்தது என்று கேட்டு எழுது. மணல் போனால் ஈர வலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவோம்? நாலு நாளில் இற்றுவிடும்.

அக்கா


ராயபுரம்
24-4-1952

பிரியமுள்ள அக்கா,

கண் தெரியாதவன் நான்தான். மாமாவிடம் சொல்லிவிடு.

ஜனவரியில் ராஜாக்கள் திருநாளன்று உன் வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டேனே, அன்றைக்குத்தான் அளந்தேன். வேலை நாளில் அளக்க வேண்டும் என்பது விதி. உன்னைப் பார்த்த மாதிரியும் ஆகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வந்தேன். ஞாயிறு நம் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை, சனி மாலையே வலையைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிடுவீர்கள். மணல் வெறிச்சென்று கிடந்தது. கண்ணில் பட்டதை எழுது, தெரிந்ததை எழுதாதே என்பது ஆபீஸ் பாடம். எழுதிவிட்டேன். அங்கேயே பிறந்தவன் நான், வெட்கமாக இருக்கிறது.

அறுபது நாளுக்குள் ஆட்சேபனை மனு கொடுக்கலாம். ஞாயிறன்று அளந்தது என்று எழுதினால்தான் அதிகாரி மறுபடி அளக்கச் சொல்வார். எழுதினால் ஜூனில் என் வேலை நிரந்தரமாகாது. என் வீட்டுக்காரி பிலோமி அழுகிறாள். நீயே யோசித்துச் செய்.

தம்பி ஸ்டானி


சவேரியார்குப்பம்
2-5-1952

ஸ்டானி,

மனு கொடுத்துவிட்டோம். ஞாயிறு என்று எழுதியிருக்கிறது. மாமா, "வாணாம்மே, புள்ள பொயப்பு கெட்டுடும்" என்றுதான் சொன்னார். நான்தான் எழுதச் சொன்னேன். முதல் கையெழுத்தும் என்னுடையது. உனக்கு இன்னொரு ஆபீஸ் கிடைக்கும். எங்களுக்கு இன்னொரு மணல் கிடைக்காது. வேண்டுமானால் என்னைத் திட்டு, ஆனால் பதில் போடு.

அக்கா


சவேரியார்குப்பம்
11-9-1952

தம்பி ஸ்டானிக்கு,

அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலை நிரந்தரமாகவில்லை, இந்தப் படத்தைத் திருத்திக் கொடுத்ததோடு உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று பிலோமி எழுதித்தான் தெரியும்.

நேற்று திருத்திய படம் ஒட்டினார்கள். மணல் பச்சையாகிவிட்டது. "மீனவர் வலை உலர்த்தும் பொது இடம்" என்று போட்டு, கீழே உன் கையெழுத்து. மாமா கண்டவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நீ அளக்க வந்ததை நான் பார்த்தேன். சோறு ஆக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். சாயங்காலம் அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாய். நம் வீட்டிலிருந்து மணல் முப்பத்தெட்டு அடி என்று படத்தில் போட்டிருக்கிறாய். அந்த முப்பத்தெட்டு அடியை நீ தாண்டி வரவில்லை. நானும் வந்து கூப்பிடவில்லை. எனக்கு ரொம்ப வலிக்கிறதடா.

அக்கா