கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கை

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் சின்னவளும் சுகம்தானே? உன் மூச்சிரைப்பு தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே ஒரு கூத்து நடந்தது, பதறாதே. நான் காவல் பார்க்கும் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டார்கள். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் நான் படுக்கும் அறையை இடித்து, கார் நிறுத்த இடமாக்கலாமா என்று பேச்சு. நாற்காலி போட்டுவிட்டுப் பின்னால் நின்றேன்.

"இடிக்க வேண்டாங்கறவங்க கை தூக்குங்க" என்றார் செயலாளர். மில்லில் இருந்தபோது தொழிலாளர் சங்கத்தில் பழகிய கை அல்லவா, தானாக மேலே போய்விட்டது. அவரும் எண்ணிவிட்டார். ஒரே கை வித்தியாசத்தில் அறை தப்பியது.

முன்வரிசை அம்மா திரும்பினார். "வாட்ச்மேன் கையையுமா சேர்த்தீங்க?"

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"கையக் கீழ போடுப்பா" என்றார் செயலாளர், என் முகத்தைப் பார்க்காமல்.

என்னை விட்டு எண்ணினால் இரண்டு பக்கமும் சமம். ஞாயிறு மறுபடி கூட்டமாம். நாற்காலியைப் போட்டுவிட்டு நான் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டுமாம். பாதிப் பேர் எனக்காகக் கை தூக்கினார்கள், அதையும் சொல்ல வேண்டும். நான் கேட்ட போர்வையை மட்டும் இப்போது அனுப்பாதே. முகவரி மாறலாம்.

வாசலில் ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேன். சின்னவளை விடுதியில் சேர்ப்பதா வேண்டாமா என்று உன் அண்ணனோடு பேசி முடிவெடுப்பதாக எழுதியிருந்தாய். அப்போது என் கையையும் சேர்த்து எண்ணு.

உன் வீட்டுக்காரன்