தலையாட்டாத இடம்

என் பிரியமான சித்தி,

உங்கள் கறுப்பு வக்கீல் கோட்டு இன்னும் ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்து மடிக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறேன். கீழே நல்லமிளகுக் கடைக்காரர் மூட்டையைப் பிரிக்கிறார். எப்போதும் போல எனக்குத் தும்மல் வருகிறது. அழுகை மட்டும் வரவில்லை.

"பிள்ளை அழுதாளா?" என்று துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம்தான் கேட்கிறார்கள். "அவ எல்லாத்தையும் உள்ளுக்குள்ள வெச்சிருப்பா" என்கிறாள் அம்மா. உள்ளுக்குள்ளும் பார்த்துவிட்டேன், சித்தி. ஒன்றும் இல்லை. காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பத்தாம் வகுப்புக்கு நான் போகவே இல்லை. அம்மா என்னை எங்கள் ஊர் புதுக்கடையிலிருந்து கோட்டாற்றுக்குக் கூட்டிவந்து, "உனக்க ஆபீஸ்ல இவ சும்மா இருக்கட்டும்" என்றாள். "சும்மா எதுக்கு? எனக்க கட்சிக்காரங்க பேசுறதக் கேக்கட்டும்" என்றீர்கள். அதுவே என் வேலையாகிவிட்டது.

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்த அந்த ரப்பர் வியாபாரியை நினைத்துக்கொள்கிறேன். அவர் விற்ற ரப்பர் ஷீட்டில் பூசணம் பிடித்திருக்கிறது என்று வாங்கியவர் சரக்கை ஏற்கவில்லை. ஆனால் அவர் கதையைத் தொடங்கியதோ, வாங்கியவரின் மகள் கல்யாணத்தில் தனக்குச் சரியான மரியாதை கிடைக்காததிலிருந்து. சொல்லி முடித்ததும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"மனசிலாச்சா மக்கா?"

நான் தலையாட்டவில்லை.

"இவளுக்கு மனசிலாகல்ல அண்ணாச்சி. மொதல்ல இருந்து சொல்லுங்க."

"மூணாவது தடவையாக்கும் சொல்லுகேன் வக்கீலம்மா! தீர்ப்பு எழுதப்போறது இந்தப் பிள்ளையா?"

"உங்க ரப்பரைப் பத்தி இவளுக்கு எவ்வளவு தெரியுமோ, ஜட்ஜுக்கும் அவ்வளவுதான் தெரியும். இவ தலையாட்டாத கேஸை நான் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தொடங்கினார். இந்தத் தடவை கல்யாணம் வரவில்லை. லாரியில் ஏற்றும்போது ஷீட் காய்ந்துதான் இருந்தது. வழியில் லாரி மழையில் நின்றது, தார்ப்பாய் கிழிந்திருந்தது. லாரியை அனுப்பியவர் வாங்கியவர்தான். நான் தலையாட்டினேன். "பாத்தியளா, இதாக்கும் கேஸு" என்று பேனாவைத் திறந்தீர்கள்.

திருநெல்வேலியில் சட்டம் படித்துவிட்டு வந்தபோது உங்களுக்கு யாரும் வியாபார வழக்கு தரவில்லை என்று ஒருநாள் கேஸ் கட்டுகளைக் கட்டிக்கொண்டே சொன்னீர்கள். பெண் வக்கீல் என்றால் ஜீவனாம்சம், விவாகரத்துதான். நீங்கள் கொப்பரை மண்டியிலும் ரப்பர் கடையிலும் போய் நின்று சரக்கை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்கள். "பொண்ணு பாக்க வந்த மாதிரி என்னைப் பாத்தானுவ" என்று சிரித்தீர்கள். பிறகு கூட்டுவியாபாரம் பிரிகிறவர்கள், கடைப் பெயருக்கு அடித்துக்கொள்கிறவர்கள், சரக்கு கெட்டுப்போனவர்கள் எல்லாரும் இந்தப் படியேறி வந்தார்கள். குடும்ப வழக்கோடு யாராவது வந்தால், "அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சவிய பக்கத்துத் தெருவுல இருக்காவ" என்று அனுப்பிவிடுவீர்கள்.

நேற்று கோர்ட்டில் உங்களுக்கு அஞ்சலி. அதற்கு முன் வக்கீல்கள் அறையில் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து, வாசிக்கப்போவதை ஓர் இளவயது வக்கீல் படித்துக் காட்டினார். "குடும்ப வழக்குகளில் ஏழைப் பெண்களின் கண்ணீரைத் துடைத்த தாயுள்ளம்..." பெண் வக்கீல் யார் இறந்தாலும் வாசிக்க ஒரு தாள் வைத்திருக்கிறார்கள் போல. பெயரை மட்டும் மாற்றியிருந்தார்.

"சரிதானேம்மா? நேரமாச்சு."

அம்மா தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக இன்னொரு தடவை படித்தார். அப்போதும் ஆட்டவில்லை.

"ஏட்டி, தலையை ஆட்டு. எல்லாரும் காத்து நிக்காவ" என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அறை முழுக்கக் கறுப்புக் கோட்டுகள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீஸாக இருந்தால் இந்த இடத்தில் நீங்கள் பேசுவீர்கள். நான் காத்திருந்தேன், சித்தி. உண்மையாகவே நீங்கள் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. 'இவளுக்கு மனசிலாகல்ல' என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

"மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன்.

"என்னம்மா?"

"சித்தி குடும்ப கேஸ் எடுக்க மாட்டாவ. வியாபார கேஸ் மட்டும்தான்."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த நரைமுடிக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். எப்போதும் உங்களுக்கு எதிராகவே வழக்காடுவாரே, நீங்கள் எதிர்க்கட்சி சார் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான்.

"பிள்ளை சொல்லுகதுதான் சரி. கண்ணீரைத் தொடச்சாளாம்! என்னையல்லவா அழ வெச்சா? ஒரு கிழிஞ்ச தார்ப்பாயை வெச்சே என்னைத் தோக்கடிச்சவளாக்கும். அந்தத் தாளை இஞ்ச தா தம்பி."

அவர் நின்றபடியே அடித்து எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் என்னைப் பார்த்தார்.

கோர்ட் ஹாலில் நீதிபதி எழுந்து நின்றார். எல்லாரும் நின்றார்கள். நான் கடைசியில், சுவரோடு ஒட்டி நின்றேன். கூட்டுவியாபாரப் பிரிவினை, சரக்குத் தகராறு, கடைப் பெயர் உரிமை என்று எதிர்க்கட்சி சார் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "வணிக வழக்குகளை மட்டுமே நடத்துவேன் என்று தொடங்கி, கடைசிவரை அப்படியே நடத்தியவர்" என்று முடித்தார்.

எனக்கு மனசிலாயிற்று. தலையாட்டினேன். எல்லாரும் குனிந்து நின்றதால் யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அம்மா கிள்ளிய இடம் வலித்தது. அப்போதுதான் வலித்தது.

ரப்பர்க்காரர் வாசலில் நின்றார். அவருடைய வழக்கில் எதிராளி அப்பீல் போயிருக்கிறாராம். "புது வக்கீல்ட்ட போறேன் மக்கா. நான் சொல்லும்போது நீயும் வந்து இரி. நீ இல்லன்னா நான் கல்யாணத்துல இருந்துதான் தொடங்குவேன்" என்றார்.

போகிறேன், சித்தி. நாளைக்குக் கோட்டையும் எடுத்து மடித்துவைக்கிறேன். புது வக்கீல் ஆபீஸில் எனக்காகத் திரும்பிப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். அதனால் மனசிலாகாத இடத்தில் இனி நானே வாய் திறந்து சொல்லுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் அக்கா மகள்,
ஜெபா