அப்பா பெயர்க் கட்டம்

ஐப்பசி 4, செவ்வாய்
காலை முதல் தூறல். மாடியில் போட்ட துணி காயவில்லை.

பேரப்பிள்ளைகள் விவரம், யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல: மகேஷ் – வேளச்சேரியில் கம்ப்யூட்டர் ஆபீஸ். ஊர்ப்பட்ட பேர் விவரம் வைக்கும் அட்டவணைகளைக் கட்டுவதும் திருத்துவதும் வேலை. சரண் – கேரம் போட்டியில் கோப்பை. தேவி – அடையாறில் நர்ஸ். போன வாரம் பெண் குழந்தை, மூன்று கிலோ. நான் ஐந்தாவதோடு நின்றவள். எனக்குப் பின்னால் வந்தது எதுவும் நிற்கவில்லை.

எங்கள் குடும்பத்துக்கும் மகேஷ் ஓர் அட்டவணை போட்டு எல்லார் போனிலும் வைத்திருக்கிறான். ஆளுக்கு ஒரு வரி: பெயர், அப்பா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர், படம். புது ஆள் ஏறினால் எல்லாருக்கும் தானே செய்தி போகும். ஞாயிறு பெயர் சூட்டு; கயல் என்று தேவி முன்பே சொல்லிவிட்டாள். அதற்குள் பாப்பா ஏற வேண்டும்.

ஏறவில்லை.

5, புதன்
மழை. மகேஷோடு போனில் சண்டை.

"அப்பா பேர காலியா வுட்டா எடுக்காது ஆயா. அதுவும் லிஸ்ட்ல ஏற்கெனவே கீற ஆளாத்தான் இருக்கணும்."

"யாரு போட்ட சட்டம்டா அது?"

"நாந்தான்."

"அப்போ மாத்து."

"இன்னா ஆயா, ஈஸியா சொல்லிட்ட? அதைத் தொட்டா மத்தவங்க வரியெல்லாம் ஆடிப்பூடும்."

தேவியின் புருஷன், அவள் ஏழு மாதமாக இருக்கும்போது விட்டுப் போனவன். அவன் வரியை அப்போதே எடுத்தாயிற்று. திரும்பச் சேர்க்கலாமா என்று அவளிடம் கேட்டது என் தப்பு.

"அந்தாளு பேரு என் புள்ள பக்கத்துல வரக்கூடாது ஆயா. வந்துச்சுன்னா என் வரியையும் எடுத்துடச் சொல்லு. ஞாயித்துக்கெயமையும் வரமாட்டேன்."

சொன்னால் செய்வாள். என் பேத்தி.

7, வெள்ளி
வெயில். தலைவலி.

மகேஷ் 'இப்போதைக்கு' என்று என் வீட்டுக்காரர் பெயரை அப்பா கட்டத்தில் போட்டு ஏற்றிவிட்டான். அவர் போய் ஒன்பது வருஷம். அப்பாவின் மனைவியை அம்மா என்று அட்டவணை தானே எடுத்துக்கொள்ளுமாம். காலை எட்டு மணிக்கு எல்லார் போனிலும்: "முனுசாமி – செல்லம்மா தம்பதிக்குப் பெண் குழந்தை. வாழ்த்துகள்!"

எனக்கு வயது எழுபத்திரண்டு.

முதல் போன் அசோக் நகர் சம்பந்தி. அடுத்தது என் தங்கச்சி: "இன்னாக்கா, சொல்லவே இல்ல? பத்தியச் சோறு எடுத்துனு வரட்டா?" சிரித்துத் தொலையட்டும். தேவி சிரிக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

8, சனி
மகேஷை வரவழைத்தேன். லேப்டாப்பைத் திறக்க வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காப்பி கொடுக்கவில்லை.

"மொதல்ல மொத்தத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்க. அப்புறம் கை வை."

"அது எனக்குத் தெரியாதா ஆயா?"

"தெரிஞ்சுக்கினு நாலு நாளா இன்னாடா பண்ணிக்கினு இருந்தே?"

அப்பா கட்டம் காலியாக இருக்கலாம். அம்மாவுக்குத் தனிக் கட்டம். இனிஷியல் யாருடையது என்பதற்கு ஒரு கட்டம். மூன்று வரி தட்டினான். யார் வரியும் ஆடவில்லை. மூன்று வரிக்கு நாலு நாள்!

தப்பு வரியை அழித்து, புதிதாக: தே. கயல். அம்மா: தேவி. செய்தி திரும்பவும் எல்லாருக்கும் போனது. தேவியிடமிருந்து பதில் இல்லை.

9, ஞாயிறு
மேகமூட்டம். கேசரி ஆறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஆட்டோ சத்தம். தேவி, பாப்பாவோடு.

உள்ளே வந்ததும் போனைத்தான் காட்டினாள். "தே. கயல்னு போட்டா நல்லா கீதுல்ல ஆயா?"

மகேஷுக்குக் காப்பி கொடுத்தேன்.

அவனிடம் சொல்ல வேண்டியது: பாப்பா வரியில் இருக்கிற படத்தில் ஆஸ்பத்திரித் துணிக்குள் மூக்கு மட்டும் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, இன்று தேவி மடியில் கண்ணைத் திறந்து பார்க்கிறாளே, அதைப் போடு. இன்றைக்கே போடு.