பினாங்கில் பிறந்ததாக ஒரு பொய்

என் உயிரே, முத்துவின் அப்பாவே,

உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். பத்து நாளாகிறது. உங்கள் மூக்கு, உங்கள் முன்கோபம். பால் கொடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் குவார்ட்டர்ஸ் வரிசையே எழுந்துவிடுகிறது.

ஆனால் அவள் பினாங்கில் பிறக்கவில்லை. இங்கேதான், சிலாங்கூரில், பிரிக்பீல்ட்ஸில், உங்கள் ரயில்வே சட்டை தொங்குகிற ஆணிக்குக் கீழே பிறந்தாள். திட்டாதீர்கள்.

ஏழாம் மாதமே சொன்னீர்கள். "முத்து மாதிரி இதையும் உங்கப்பா வீட்டுல பெத்துக்க. பினாங்கு வெள்ளைக்கார ராஜாவோட சொந்த மண்ணு, சிலாங்கூர் அப்படி இல்ல, சுல்தான் மண்ணு. அங்க பிறந்தா ராஜாவோட பிரஜை. ஒரு பய கேள்வி கேக்க முடியாது." நான்தான் சிரித்தேன். "தலைப்பிரசவத்துக்குத்தான் தாய்வீடு. ரெண்டாவதுக்கும் போய் நின்னா, புருஷனுக்குச் சோறு போட வக்கில்லயானு ஊர் சிரிக்கும்லா." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலில் படுத்தீர்கள், ஒரு மாதம் கிடந்தீர்கள். அதற்கப்புறம் நமக்குச் சண்டை போடக்கூட வாய்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியாமல் படி தாண்டக் கூடாது என்றார்கள். முடிந்த மறுநாளே, நீங்கள் சொன்னபடி பினாங்குக்குப் பெட்டி கட்டினேன். பூட்டுவதற்குள் வலி கண்டுவிட்டது.

இப்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில்லாதவர்களையும் ஆதரவில்லாதவர்களையும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். இந்த வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். உங்கள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிற பக்கத்து வீட்டு சூசை அண்ணனிடம் கேட்டேன். "பையன்கிட்ட பினாங்குப் பிறப்புப் பத்திரம் இருக்கு, அவனத் தொட மாட்டாங்க. இந்தப் புள்ள இங்க பிறந்தது. இதோட அப்பன் ராஜாவோட பிரஜைனு காட்டணும். அவருகிட்ட அவரு பிறந்ததுக்கு ஒரு துண்டுக் காகிதமாச்சும் இருந்துச்சாம்மா?"

தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நீங்கள் பிறந்ததற்கு உங்கள் அம்மாதான் சாட்சி, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருநாள் எவனாவது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "இவன் இருக்கட்டும், இவள் போகட்டும்" என்று சொல்லிவிட்டால்? நான் எந்தப் பிள்ளையோடு போவேன், எந்தப் பிள்ளையை விடுவேன்? சொல்லுங்களேன்.

அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். "புள்ளயத் தூக்கிட்டு வந்துரு. நம்ம வீட்டுல பிறந்ததா நானே எழுதி வைக்கிறேன். இங்க மருத்துவச்சி சத்தியம் பண்ணுவா." நாளைக் காலை ரயில். தீட்டுக்கூடக் கழியவில்லை, யார் பார்த்தார்கள்!

மருத்துவச்சி சத்தியம் செய்தாலும் என்னையும் கேட்பார்களே. பொய் சொன்னால் என் இடது கண் துடிக்கும், உங்களுக்குத் தெரியும். கருவாட்டை ஒளித்துவிட்டுத் தீர்ந்துபோச்சு என்றேனே, அன்றே கண்டுபிடித்துவிட்டீர்கள். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்க்கிறேன். "பினாங்குல பிறந்தா. பினாங்குல பிறந்தா." பாழாய்ப்போன கண், ஒவ்வொரு தடவையும் துடிக்கிறது.

சூசை அண்ணன் மனைவி மரியா அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "தலையக் குனிஞ்சுக்கடி," என்றார். "புருஷன் செத்தவ தலை குனிஞ்சா, ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அதைக் கேட்டபிறகுதான் அழுதேன். நீங்கள் போன அன்றுகூட இப்படி அழவில்லை.

குனிந்துகொள்வேன். வேறு வழியில்லை. உங்கள் சாவைத்தான் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொள்ளப் போகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஆணியையும் பிடுங்கி முந்தானையில் முடிந்திருக்கிறேன். பத்திரத்தில் பினாங்கே இருந்துவிட்டுப் போகட்டும். நம் பெண்ணுக்கு விவரம் தெரிகிற வயதில் இந்த ஆணியை அவள் கையில் கொடுத்து, அவள் எந்த வீட்டில், எதற்குக் கீழே பிறந்தாள் என்று நானே சொல்வேன். இது சத்தியம். அன்றைக்கு என் கண் துடிக்காது.

முத்துவுக்கும் உங்கள் மகளுக்கும் அம்மா