சந்தனம் வைத்த இஞ்சின்

பத்தாங் பெர்ஜுந்தாய்
3-11-1985

அன்பு மகள் லீலாவதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு முன்னால் வந்து மழை விட்டதும் போய்விடுகிறது, அதை வைத்துத்தான் நான் வெளியே துணி காயப்போடுகிறேன். அங்கே மான்செஸ்டரில் குளிர் தொடங்கியிருக்கும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா, ஸ்டைல் பார்க்காதே. நம் சிவப்புக் காரின் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம், நீ கேட்ட கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. கதைப் புத்தகத்தை எடுத்தால் முடிவை முதலில் பார்க்கிறவள் நீ, எனக்குத் தெரியாதா, வரிசையாகப் படி.

ஜூன் மாதம் உன் கடிதம் வந்தது. உன்னோடு வேலை செய்யும் சிவானந்தத்தைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகவும், அவன் வேறு யாருமில்லை, நம் தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்த்த பெரிய கிராணி காளியண்ணனின் மகன்தான் என்றும், அப்பா சரி என்றால்தான் மேற்கொண்டு எதுவும் என்றும் எழுதியிருந்தாய். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாய், குற்றம் சொல்லமாட்டேன். எனக்குத்தான் கிராணி என்ற சொல்லைக் கண்டதும் மண்டைக்குள் தீப்பிடித்துவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் சம்பளத்தில் ஒரு நாள் குறைகிறது என்று கேட்கப் போனால் ஆபீஸ் படிக்குக் கீழே வெயிலில் நிற்கவேண்டும். அவர் உள்ளே காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, டேய் உடையப்பா, நாளைக்கு வாடா என்பார். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு லீவு கேட்க அம்மாவும் அந்தப் படிக்குக் கீழேதான் நின்றாள். அந்த வீட்டுக்கு என் மகள் மருமகளாகப் போய்ப் பின்வாசலில் நிற்பதா என்று தோன்றியது. கோபம் என்று அப்போது நினைத்தேன், இப்போது யோசித்துப் பார்த்தால் அது பயம்தானம்மா.

கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். காளியண்ணன் வேலை ஓய்ந்தபின் புக்கிட் பெலிம்பிங்கில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன கார், இத்தனை வருஷத்தில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் நான் அதை எடுத்ததே இல்லை. அன்றைக்குப் பார்க்கவில்லை. கூரையை மடக்கிவிட்டு, அவரிடம் என்னென்ன கேட்பது என்று சத்தமாகப் பேசிக்கொண்டே ஓட்டினேன். எதிரில் சைக்கிளில் வந்த மலாய்க்காரப் பெரியவர் பயந்து ஓரம் கட்டிவிட்டார். ரேடியேட்டர் ஓஸ் குழாய் எங்கே பிய்த்துக்கொண்டதோ, சூடு காட்டும் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது, முன்னால் ஆவி பறக்கிறது, நான் கிராணியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். புக்கிட் பெலிம்பிங் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முனகல், ஒரு இடி, அவ்வளவுதான், இஞ்சின் இறுகிப்போய் நின்றுவிட்டது.

நின்ற இடத்துக்கு எதிரில் மரத்தடியில் ஒரு முனீஸ்வரன் கோயில். நேராகப் போய் நின்று, ஐயா முனீஸ்வரா, இந்த இஞ்சின் திரும்ப ஓடினால் இந்தக் கல்யாணம் நடக்கட்டும், ஓடாவிட்டால் நடக்கவேண்டாம் என்று சூலத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டேன். லோரி ஓட்டி, லோரி பிரித்து, லோரிக்கு அடியிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். செத்த இஞ்சின் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி வேண்டினேன். உனக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அந்தப் பழியை முனீஸ்வரன் சுமக்கட்டும் என்று நினைத்தேன். பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இஞ்சின் ஓடணும்னு வேண்டிக்கிட்டு வந்தீங்களா, ஓடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்தீங்களா என்று கேட்டாள். காரைத் தார்ப்பாயில் மூடிவைத்துவிட்டு சாமி வேணாம்னு சொல்லிருச்சுன்னு எழுதுறது நியாயம் இல்லை, பிரிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க என்றாள். சரி, செத்துவிட்டதைக் காட்டிவிடுகிறேன் பார் என்றுதான் காரை லோரியில் கட்டி வீட்டுக்கு இழுத்துவந்து பிரித்தேன்.

பிரித்ததில்தான் மாட்டிக்கொண்டேன். பிஸ்டன் நாலும் வெந்து சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தன, பேரிங் எல்லாம் உருகி வழிந்திருந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் தேய்த்துக் கழுவிப் பார்த்தால் பிளாக்கில் ஒரு கீறல் இல்லை. கீறல் இல்லாத பிளாக்கைத் தூக்கிப் போட எந்த மெக்கானிக்குக்கு மனசு வரும்? பாலன் சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஜப்பான் இஞ்சின் ஒன்று வாங்கி மாட்டு லா, ரெண்டே நாளில் ஓடும் என்றார்கள். இந்த இஞ்சின் என்று சொல்லி வேண்டியிருக்கிறேன், வேறு இஞ்சினை மாட்டி முனீஸ்வரனை ஏமாற்றச் சொல்கிறீர்களா என்று கேட்டேன், எல்லாரும் தேத்தண்ணீரைக் குனிந்து குடித்தார்கள். பிளாக்கையும் கிராங்கையும் லோரியில் ஏற்றி ரவாங்கில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி, தவுக்கேயிடம் கொண்டுபோனேன். அவர் சிலிண்டரைக் கடைந்து, கிராங்கைச் சாணை பிடித்து, கண்ணாடி மாதிரி கொடுத்தார். அதற்கு ஏற்ற பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் இங்கே கிடைக்கவில்லை. அப்போதுதான் உனக்கு அந்த மொட்டைக் கடிதம் எழுதினேன். கல்யாணத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லாமல், இந்த இந்த அளவில் இந்தச் சாமான் வாங்கி அனுப்பு என்று மட்டும். நீ அழுதிருப்பாய், தெரியும். இருந்தும் மழையில் கடை கடையாக அலைந்து, சிவானந்தத்தையும் கூட இழுத்துக்கொண்டுபோய் வாங்கி, உன் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அனுப்பினாயே, ஒன்றுகூட அளவு தப்பவில்லை. அந்தப் பெட்டிக்குள் உன் கல்யாணத்தையே வைத்து அனுப்புகிறாய் என்று உனக்குத் தெரியாது.

போன மாதம் ஆயுத பூஜை வந்தது. சாமான்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, சாக்கு விரித்து முன்வாசலில் வரிசையாக வைத்திருந்தேன். நான் பூசணிக்காய் வாங்கப் பாசார் சந்தைக்குப் போன நேரத்தில் அம்மா கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்பேனருக்கு ஒரு பொட்டு, பிஸ்டனுக்கு ஒரு பொட்டு, நட்டுக்கும் பொட்டு. வழக்கமாக என் சுத்தியலுக்கும் லோரிக்கும்தான் வைப்பாள், இந்த வருஷம் வேண்டுதல் பெரிதல்லவா, ஒரு திருகாணியைக்கூட விடவில்லை. நான் வந்து பார்த்தால் முன்வாசல் முழுக்க முகூர்த்த வீடு மாதிரி இருக்கிறது. சிரித்துக்கொண்டே சூடம் காட்டினேன். பூஜை முடிந்து உள்ளே போகிற சாமான்களை மறுபடி கழுவித்தான் பூட்டினேன், அதில் நான் குறை வைப்பவன் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் முன்பே சுத்தம் செய்து திறந்து வைத்திருந்ததால் அப்படியே மூடி மாட்டினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

நேற்றுக் காலை எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. பேட்டரி இத்தனை மாதம் சும்மா கிடந்ததில் சோர்ந்துவிட்டது, தள்ளித்தான் எடுக்கவேண்டும், யாரைக் கூப்பிடலாம் என்று காருக்கு அடியில் படுத்தபடி யோசிக்கிறேன், பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்துப் போட்ட இரண்டு கால் வந்து நிற்கிறது. காளியண்ணன். மகன் எழுதியிருக்கிறான், பெண் கேட்க வந்திருக்கிறார். தனியாக பஸ்ஸில், கையில் குடையும் ஒரு சீப்பு வாழைப்பழமும். வணக்கம் உடையப்பன், நல்லா இருக்கீங்களா என்றார். அந்த வாயிலிருந்து ‘ங்க’ வந்ததைக் கேட்டு எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. வாங்க என்று சொல்ல நினைத்தேன், கொஞ்சம் தள்ளுறீங்களா என்று வந்துவிட்டது. மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை, குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், பெரிய கிராணி பின்னால் தள்ளுகிறார். பாசார் தெரு முழுக்க வேடிக்கை. கிளட்சை விட்டு விட்டுப் பார்க்கிறேன், குலுங்குகிறது, இருமக்கூட இல்லை. பள்ளிக்கூடம்வரை தள்ளிவிட்டு வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு எண்ணெயாகக் கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, ஆபீஸ்ல உங்கள நிக்க வச்சதுக்கெல்லாம் இன்னைக்கு வட்டியோட வாங்கிட்டீங்க உடையப்பன் என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதரோடு நான் சிரிப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினோம். அம்மா முகம் செத்துவிட்டது. அவருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது வேண்டுதலைச் சொல்லிவிட்டாள். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, சாமி வேணாம்னா நாம என்ன செய்ய முடியும், பையனுக்கு நானே எழுதிடுறேன், நீங்க கஷ்டப்படாதீங்க என்றார். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கேட்டது அதுதானே, கேட்டபடியே கிடைத்துவிட்டது, சந்தோஷப்படவேண்டியவன் நான். கடித்த வாழைப்பழத்தைத் தட்டிலேயே வைத்தேன். எழுந்து காரிடம் போனேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறியே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே பாயிண்ட் என்று இரண்டு சின்ன முனை இருக்கும், அது இரண்டும் தொட்டுத் தொட்டு விலகினால்தான் பொறி. அந்த இரண்டுக்கும் நடுவில் மொத்தமாகச் சந்தனம். மேலே குங்குமம் வேறு. உன் அம்மா வைத்த பொட்டு காய்ந்து கல்லாகி உட்கார்ந்திருக்கிறது.

உன்னிடம் மறைக்கமாட்டேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்ப மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. காளியண்ணன் பஸ் ஏறிப் போய்விடுவார், முனீஸ்வரன் பழியைச் சுமப்பான், நீ என் பேச்சைத் தட்டமாட்டாய். உள்ளே எட்டிப் பார்த்தேன். அம்மா அவருடைய சட்டைக் கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், படிக்கு மேலே உட்கார்ந்திருந்தவர் நம் வீட்டுப் பலகையில் வெறும் பனியனோடு கை கட்டி உட்கார்ந்திருக்கிறார். நல்ல இஞ்சின், நீ தேடிப் பிடித்து அனுப்பிய பிஸ்டன், நான் பார்த்துப் பார்த்துப் பூட்டியது, அதை ஓடாது என்று சொல்ல எனக்கு நாக்குப் புரளவில்லை லீலா. பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தேன், உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தேன், மூடினேன். வாங்க சம்பந்தி, இன்னொரு தடவை தள்ளுங்க என்று கூப்பிட்டேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். கார் நாலு வீடு தாண்டுவதற்குள் பிடித்துக்கொண்டது பார், என்ன சத்தம், பழைய சத்தத்தைவிட நல்ல சத்தம், பாலன் கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அம்மா நடு ரோட்டில் நின்று அழுதாள். அவளுக்குச் சந்தன விஷயம் தெரியாது. தான் பால்குடம் எடுப்பதாக அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டதால்தான் முனீஸ்வரன் மனசு மாறினான் என்று இருக்கிறாள். இருக்கட்டும், இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன், நீயும் சொல்லாதே.

ஆகவே பதில் சரி. முழு மனதோடு சரி. தைப்பூசம் கழிந்து நல்ல நாள் பார்க்கச் சொல்லி ஐயரிடம் சொல்லியாகிவிட்டது, இருவரும் லீவு எழுதிக் கொடுங்கள். அதுவரை தினமும் கோல சிலாங்கூர் பாதையில் மெதுவாக ஓட்டி இஞ்சினைப் பழக்கி வைக்கிறேன், தண்ணீர் பார்க்காமல் இனி எடுக்கமாட்டேன், உன் மேல் ஆணை. சிவானந்தத்துக்கு என் அன்பைச் சொல், அவன் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குப் பதில் நான் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்றும் சொல்.

வரும் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளி, வெந்நீர் அங்கே குழாயில் வருகிறது என்று சாக்குச் சொல்லாதே. நோய் நொடி இல்லாமல், எந்தப் படிக்குக் கீழேயும் நிற்காமல், நீங்கள் இருவரும் நன்றாக இருக்கவேண்டும், முனீஸ்வரன் துணையிருப்பான். மறக்காமல் உன் லைசன்ஸைக் கையோடு கொண்டுவா. விமான நிலையத்திலிருந்து அந்தக் காரில்தான் வீட்டுக்கு வரவேண்டும், இரண்டு பேருக்குத்தான் இடம், நானும் அம்மாவும் சம்பந்தியும் பாலன் வேனில் பின்னால் வருகிறோம். ஓட்டுவது நீ, மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும். வருகிற வழியில் தோட்டத்துக்குள் திருப்பி, பழைய ஆபீஸ் படிக்கு எதிரில் நிறுத்தி ஒரு ஹாரன் அடி. பின்னால் வேனில் அம்மா இருப்பாள், அவளுக்குக் கேட்கவேண்டும்.

உன் அன்பு அப்பா,
மு. உடையப்பன்